டைட்டர் குறைவாக வந்தால் எங்கே தேடுவது? கடற்கரை லேப்புக்குப் புதிதாக வருபவர்களுக்கு

டி.எம்.எல்.டி. முடித்துவிட்டு ராமநாதபுரத்திலோ கீழக்கரையிலோ மண்டபத்திலோ ஒரு லேப்பில் வேலைக்குச் சேர்ந்திருப்பீர்கள். பாசிட்டிவ் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். இன்னொரு தடவை போட்டுப் பார், பெரியவர்களிடம் காட்டு, டாக்டருக்குப் போன் போடு. நெகட்டிவ் வந்தால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. பதிவேட்டில் எழுதி, பிரின்ட் எடுத்து, கவரில் போட்டுக் கொடுத்துவிடுகிறோம். பல வருடமாக இதே வேலையில் இருப்பவள் சொல்கிறேன்: எனக்குத் தூக்கம் கெட்ட இரவுகள் எல்லாம் நெகட்டிவ் ரிப்போர்ட்டால் வந்தவைதான்.

ரத்தத்தில் ஆன்டிபாடி (கிருமியை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் புரதம்) இருக்கும். சில நேரம் அளவுக்கு மீறியே இருக்கும். ஆனாலும் சோதனையில் டைட்டர் (சீரத்தை எத்தனை மடங்கு வரை நீர்த்தும் வினை தெரிகிறதோ அந்த எண்) குறைவு என்றோ, ஆன்டிபாடியே இல்லை என்றோ வரும். இதற்குக் காரணங்கள் ஏழெட்டு உண்டு. ஒவ்வொன்றையும் எந்த வரிசையில் தேட வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். பெரும்பாலானவற்றைக் கண்டுபிடிக்கப் பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். கொஞ்சம் சலைன், சுத்தமான பைப்பெட் டிப் சில, கூடுதலாகக் கால் மணி நேரம் போதும்.

முதலில் ஓர் அட்டையைக் காட்டுகிறேன்

ஒரு கர்ப்பிணி, நாலாம் மாதம். உள்ளங்கையில் செம்புள்ளிகள், அரிப்பு இல்லை. ஒரு வாரம் முன்னால் வேறோர் இடத்தில் ஆர்.பி.ஆர். (சிபிலிஸ் என்ற மேகநோய்க்கான ரத்தச் சோதனை) பார்த்து நான்-ரியாக்டிவ், அதாவது நெகட்டிவ் என்று ரிப்போர்ட் வாங்கியிருந்தார். டாக்டருக்கு மனம் ஒப்பவில்லை. மறுபடி பார்க்கச் சொல்லி எங்களிடம் அனுப்பினார். அப்போது என்னோடு புதிதாகச் சேர்ந்திருந்த பெண் அட்டையில் போட்டாள். வட்டத்தில் 50 மைக்ரோலிட்டர் சீரம், மேலே ஊசியால் ஒரு சொட்டு ஆன்டிஜென் (ஆன்டிபாடி போய்ப் பிடிக்கும் பொருள், கரித்தூள் கலந்தது), ரொட்டேட்டரில் நிமிடத்துக்கு 100 சுற்று, 8 நிமிடம். எடுத்துப் பார்த்தாள்.

"அக்கா, நான்-ரியாக்டிவ்தான்."

"சரி, வெளிச்சத்துக்குக் கொண்டு வா. நெகட்டிவ் கன்ட்ரோல் வட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்."

கன்ட்ரோல் வட்டத்தில் கரித்தூள் சாம்பல் நிறமாக ஒரே சீராகப் பரவியிருந்தது. கர்ப்பிணியுடைய வட்டத்தில் கட்டி கட்டியாகத் திரண்டது ஒன்றும் இல்லை. ஆனால் சீராகவும் இல்லை. நைசாக அரைபடாத மாவு போல ஒரு சொரசொரப்பு. அவ்வளவுதான், வேறு அடையாளம் கிடையாது. "நீர்த்துப் போடு" என்றேன். ஒன்றுக்கு இரண்டில் லேசாகத் திரண்டது. நாலில் நன்றாகவே தெரிந்தது. எட்டிலும் பதினாறிலும் முப்பத்திரண்டிலும் கரி பெரிய பெரிய கட்டிகளாகத் தனியே நின்றது. 64 வரை ரியாக்டிவ், 128இல் இல்லை. நீர்க்காத சீரத்தில் "நோய் இல்லை" என்று காட்டிய ரத்தத்தின் உண்மையான டைட்டர் 64.

இதற்குப் பெயர் புரோசோன். ஆன்டிபாடி குறைந்ததால் வரும் கோளாறு அல்ல இது, மிஞ்சியதால் வருவது. பாம்பனில் வலை கட்டுகிறவர்களைக் கவனித்திருப்பீர்கள். ஒவ்வொரு முடிச்சும் இரண்டு நூலைச் சேர்த்துப் பிடித்தால்தான் வலை விரியும். ஓர் ஆன்டிபாடிக்கும் குறைந்தது இரண்டு கை. ஒரு கையால் ஓர் ஆன்டிஜென் துகளையும் மறு கையால் இன்னொரு துகளையும் பிடித்தால்தான் எல்லாம் கோர்த்துத் திரளும். ஆன்டிபாடி மிஞ்சிப் போனால், துகளில் இருக்கும் எல்லா இடத்தையும் ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொள்ளும். மறு கைக்குப் பிடிக்க எதுவும் மீதி இருக்காது. பாலம் இல்லை, அதனால் திரட்சியும் இல்லை. நீர்த்தால் ஆன்டிபாடி குறையும், இரண்டும் சரிசமமாகும், வலை விரியும். இந்தச் சமநிலைக் கணக்கை 1930களில் ஹைடெல்பெர்கரும் கெண்டலும் வளைகோடாக வரைந்து காட்டினார்கள். அந்தக் கோடு ஏறி, உச்சிக்குப் போய், மறுபடி இறங்கும். நம் வேலையில் வரும் பல சிக்கல்களுக்கு அந்த இறக்கம்தான் காரணம்.

சரி, இனி வரிசையாகப் போவோம்.

முதல் படி: காய்ச்சல் எத்தனையாவது நாள்?

குறைவாக வந்தது பொய்யா உண்மையா என்று முதலில் பிரிக்க வேண்டும். உடம்பு இன்னும் ஆன்டிபாடியே உண்டாக்கவில்லை என்றால் சோதனையைக் குறை சொல்லிப் பயன் இல்லை. டெங்குவில் ஐ.ஜி.எம். (முதலில் உண்டாகும் ஆன்டிபாடி வகை) பொதுவாக ஐந்தாம் நாளை ஒட்டித்தான் தெரிய ஆரம்பிக்கும். அதற்கு முன்னால் என்.எஸ்.1 ஆன்டிஜென் (வைரஸின் புரதம்) பார்க்க வேண்டும். எலிக்காய்ச்சலுக்கும் ஸ்க்ரப் டைபஸுக்கும் ஏறக்குறைய ஒரு வாரம். டைபாய்டில் வைடால் முதல் வாரத்தில் வெறுமையாக இருப்பது வழக்கம்தான், அப்போது கைகொடுப்பது ரத்தக் கல்ச்சர். முதல் நாளிலிருந்தே ஆன்டிபயாடிக் போட்டவர்களுக்கு வைடால் டைட்டர் ஏறாமலே போகவும் கூடும்.

நம் பக்கத்தில் நாளைக் கேட்பதற்கும் ஒரு பக்குவம் வேண்டும். "எத்தனை நாளாகக் காய்ச்சல்?" என்று கேட்டால், கடலுக்குப் போய் வந்தவர் கரையேறிய நாளிலிருந்து கணக்குச் சொல்வார். படகிலேயே உடம்பு சுட்டிருக்கும், அதைக் கணக்கில் சேர்க்க மாட்டார். "கடலில் இருக்கும்போதே குளிர் அடித்ததா?" என்று தனியாகக் கேளுங்கள். பாசி எடுக்கப் போகும் ஓர் அம்மா என்னிடம், "அமாவாசைக்கு மறுநாள் தண்ணியில நிக்க முடியல தாயி" என்றார். சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். ரெக்விசிஷனில் "3 நாள்" என்று இருந்தது, அமாவாசைக் கணக்கில் ஏழு நாள் ஆகியிருந்தது. ஏழாம் நாளில் வெறும் என்.எஸ்.1 மட்டும் பார்த்து நெகட்டிவ் என்று அனுப்பியிருந்தால் அது அவருக்கு எந்த வகையிலும் உதவியிருக்காது.

டெங்கு இரண்டாம் தடவை வந்தவர்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவர்களுக்கு ஐ.ஜி.ஜி. (வழக்கமாகப் பின்னால் வரும் வகை) சீக்கிரமே வேகமாக ஏறும். ஐ.ஜி.எம். மெலிதாக இருக்கும், சிலருக்குத் தெரியவே தெரியாது. ஐ.ஜி.எம். ஒன்றை மட்டும் பார்த்து டெங்கு இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

இரண்டாம் படி: ரத்தம் எப்படி எடுத்தார்கள், எப்படி வந்து சேர்ந்தது?

வார்டிலிருந்து வரும் மாதிரியில் நான் முதலில் சந்தேகப்படுவது டிரிப்ஸைத்தான். சலைன் இறங்குகிற அதே கையில், ஊசிக்கு மேலே ரத்தம் எடுத்துவிடுவார்கள். ஆன்டிபாடி மட்டுமல்ல, எல்லாமே நீர்த்துப் போயிருக்கும். கண்டுபிடிப்பது சுலபம். அதே டியூபில் புரோட்டீனும் ஆல்புமினும் பாருங்கள். இரண்டும் சேர்ந்து விழுந்து, பொட்டாசியமும் கால்சியமும் குறைந்து, குளோரைடு மட்டும் ஏறியிருந்தால் அது சலைன் கலந்த ரத்தம். டெக்ஸ்ட்ரோஸ் இறங்கிக்கொண்டிருந்தால் சர்க்கரை நம்ப முடியாத அளவுக்கு எகிறும். மறுபடி மற்றக் கையில் எடுக்கச் சொல்லுங்கள். சிஸ்டர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

அடுத்தது ஐஸ் பெட்டி. ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் 55 கிலோமீட்டருக்குப் பக்கம். தீவிலிருந்து மாதிரிகள் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் வைத்து பஸ்ஸில் வரும். பெரும்பாலான சோதனைகளுக்கு அதுதான் சரி. ஆனால் குளிரில் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடிகள் சில உண்டு. கோல்டு அக்ளுட்டினின் கேட்டிருந்தால், சீரம் பிரிக்கும் முன் டியூப் குளிர்ந்துவிட்டாலே ஆன்டிபாடி போய்ச் சிவப்பணுக்களில் ஒட்டிக்கொள்ளும். சென்ட்ரிபியூஜ் செய்தால் அணுக்களோடு சேர்ந்து கீழே போய்விடும். மேலே நிற்கும் சீரத்தில் டைட்டர் பொய்யாகக் குறையும். கிரையோகுளோபுலினிலும் இதே கதைதான், குளிரில் படிந்து கட்டியோடு போய்விடும். இப்படிப்பட்ட மாதிரிகளை 37 டிகிரியில் வைத்து, அந்தச் சூட்டிலேயே சீரம் பிரித்த பிறகுதான் பெட்டியில் வைக்கலாம். பிரிக்காமல் குளிர்ந்து வந்துவிட்டால்? முடிந்தால் நோயாளியையே வரச் சொல்லிப் புதிதாக எடுப்பது நல்லது. யாரும் கோல்டு அக்ளுட்டினின் கேட்காவிட்டாலும் செல் கவுன்டர் உங்களுக்குத் துப்புக் கொடுக்கும். சிவப்பணு எண்ணிக்கை அசாத்தியமாகக் குறைந்து எம்.சி.எச்.சி. (சிவப்பணுவில் ஹீமோகுளோபின் செறிவு) 36ஐத் தாண்டி நின்றால், டியூபை 37 டிகிரி வாட்டர் பாத்தில் வைத்து மறுபடி ஓட்டுங்கள். எண்கள் சரியானால் அந்த ரத்தத்தில் குளிர் ஆன்டிபாடி இருக்கிறது.

ரத்தம் முழுவதும் உறையாமல் அவசரமாகச் சுற்றிவிட்டால் சீரத்தில் ஃபைப்ரின் நூல் மிதக்கும். மெஷினின் புரோப் அந்த நூலை உறிஞ்சினால் சீரம் பாதிதான் ஏறும், எண்ணும் பாதிதான் வரும். சாதாரண டியூபை அரை மணி நேரம் நிற்க விடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் அதிகம் ஆகும். ஃப்ரீசரில் உறைய வைத்து உருக்கி, மறுபடி உறைய வைத்து உருக்கிய சீரத்தில் ஐ.ஜி.எம். அடிபடும். அதனால் எடுத்து வைக்கும்போதே சிறு சிறு வயல்களில் பிரித்து வையுங்கள்.

மூன்றாம் படி: அன்றைக்கு லேப் எப்படி இருந்தது?

மே மாத வெயிலில் உள்ளே வந்தவுடன் ஏ.சி.யை 18இல் வைப்பது எல்லோருக்கும் இயல்பு. ஆர்.பி.ஆர்., அதே நோய்க்கான வி.டி.ஆர்.எல். இரண்டும் 23 முதல் 29 டிகிரிக்குள் செய்ய வேண்டியவை. அறை அதைவிடக் குளிர்ந்தால் வினை மந்தமாகும், டைட்டர் இறங்கும். சூடானால் ஏறும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ஆன்டிஜெனை உடனே சொட்டுவிடுவதும் குளிர்ந்த அறையில் செய்வதும் ஒன்றுதான். ரொட்டேட்டர் பக்கத்தில் ஒரு சாதாரண தெர்மாமீட்டர் தொங்கவிட்டு, காலையில் படித்து எழுதுங்கள். வி.டி.ஆர்.எல்.லுக்குச் சீரத்தை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்குகிறோம். வாட்டர் பாத்தின் டயலை நம்பாதீர்கள். உள்ளே தெர்மாமீட்டர் விட்டுப் பாருங்கள். 60ஐத் தாண்டினால் ஆன்டிபாடியே கெட ஆரம்பிக்கும்.

தண்ணீர்தான் இந்தக் கரையின் பெரிய தலைவலி. போர் தண்ணீர் உப்பு. ஆர்.ஓ. வடிகட்டி பழசானால் உப்பைத் தாராளமாக விட்டுவிடும். சலைன் என்பது ஒரு லிட்டர் டிஸ்டில்ட் வாட்டரில் 9 கிராம் சோடியம் குளோரைடு. உப்புத் தண்ணீரில் மேலும் 9 கிராம் போட்டால் அது சலைன் அல்ல. உப்பு மிஞ்சினால் ஆன்டிபாடி ஆன்டிஜெனோடு ஒட்டும் வேகம் குறைகிறது. ரத்த வங்கியில் உப்புக் குறைந்த லிஸ் கரைசலைப் பயன்படுத்துவது இதற்கு நேரெதிரான காரணத்துக்காகத்தான். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள், பெரிய விலை இல்லை. டிஸ்டில்ட் வாட்டர் கேன் திறக்கும்போதெல்லாம் ஒரு தடவை முக்கிப் பாருங்கள்.

எலைசா (என்சைமால் ஏறும் நிறத்தைப் பார்த்து அளக்கும் சோதனை) போடுகிறவர்கள் ஒரு விஷயத்தை மறக்கவே கூடாது. கெட்டுப் போகாமல் இருக்கட்டும் என்று வாஷ் பஃபரில் சோடியம் அசைடு சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். பெராக்சிடேஸ் என்சைமை அசைடு முடக்கிவிடும். நிறமே ஏறாது, எல்லாரும் நெகட்டிவ் ஆகிவிடுவார்கள். ராத்திரி மின்சாரம் போய்க் கிட் வெதுவெதுப்பாகிவிட்டாலும் காஞ்சுகேட் (கிட்டில் என்சைம் சேர்த்த திரவம்) பலவீனமாகும். ரேப்பிட் கார்டு உறையை முன்கூட்டியே கிழித்து அடுக்கி வைக்காதீர்கள். கடல் காற்றின் ஈரத்தை அந்தப் பட்டை உறிஞ்சிவிட்டால் கோடு மங்கும்.

கூம்ப்ஸ் சோதனையில் (அணுக்களில் ஒட்டியும் தானாகத் திரட்டாத ஆன்டிபாடியைப் பிடிப்பது) பொய்க் குறைவு வருவது பெரும்பாலும் கழுவாததால்தான். ஆர்.எச். நெகட்டிவ் தாய்க்கு ஆன்டி-டி (ஆர்.எச். பாசிட்டிவ் அணுக்களுக்கு எதிரான ஆன்டிபாடி) பார்க்கிறீர்கள். அணுக்களைக் குறைந்தது மூன்று தடவை டியூப் நிறையச் சலைன் விட்டுக் கழுவி, கடைசிச் சொட்டு வரைக்கும் வடிக்க வேண்டும். சீரம் ஒரு துளி தங்கினாலும் அதில் இருக்கும் சாதாரண ஐ.ஜி.ஜி., நாம் விடும் ஆன்டி ஹியூமன் குளோபுலினை விழுங்கிவிடும். அதனால்தான் நெகட்டிவ் வந்த ஒவ்வொரு டியூபிலும் ஐ.ஜி.ஜி. பூசிய செக் செல்லை ஒரு சொட்டு விட வேண்டும். அது திரண்டால்தான் உங்கள் நெகட்டிவ் செல்லும். திரளவில்லை என்றால் முதலிலிருந்து செய்யுங்கள்.

இவை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் காட்டிக் கொடுப்பது லோ பாசிட்டிவ் கன்ட்ரோல். கிட்டில் வரும் பாசிட்டிவ் கன்ட்ரோல் பொதுவாக வலுவாக இருக்கும். சோதனை பாதி செத்துப் போனாலும் அது பாசிட்டிவ் காட்டும். மெல்லிய பாசிட்டிவ் ஒன்றைத் தினமும் ஓட்டி லெவி-ஜென்னிங்ஸ் சார்ட்டில் (தினசரி கன்ட்ரோல் முடிவுகளின் வரைபடம்) புள்ளி வைத்து வந்தால், புள்ளிகள் நாளுக்கு நாள் கீழே சரிவது முன்னாலேயே தெரியும்.

நான்காம் படி: நீர்த்துப் பாருங்கள்

இந்தப் படிக்காகத்தான் கட்டுரையே எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்.பி.ஆர். அட்டையில் செய்வது இப்படி. இரண்டாம் வட்டத்திலிருந்து ஐந்தாம் வட்டம் வரை 50 மைக்ரோலிட்டர் சலைன் விடுங்கள், பரப்ப வேண்டாம். முதல் வட்டத்தில் 50 சீரம், நீர்க்காதது. இரண்டாவதிலும் 50 சீரம் விட்டு, பைப்பெட்டால் ஐந்தாறு தடவை மெதுவாக ஏற்றி இறக்கிக் கலக்குங்கள். குமிழி வரக் கூடாது. அதிலிருந்து 50 எடுத்து மூன்றாவதில், அதிலிருந்து நாலாவதில், அப்படியே ஐந்தாவது வரை. கடைசியிலிருந்து 50 எடுத்து வெளியே கொட்டிவிடுங்கள். இப்போது கையில் 1, 2, 4, 8, 16 இருக்கின்றன. ஒவ்வொன்றையும் வட்டம் நிறையப் பரப்பி, ஆன்டிஜென் விட்டுச் சுற்றுங்கள். 16லும் ரியாக்டிவ் என்றால் மேலே போக வேண்டும். அப்போது வெறும் சலைனுக்குப் பதில், நான்-ரியாக்டிவ் சீரத்தை ஐம்பதில் ஒரு பங்கு கலந்த சலைனால் நீர்க்க வேண்டும்.

எல்லா நெகட்டிவையும் இப்படி நீர்க்க நேரம் கிடையாது. எனக்கும் தெரியும். வட்டம் சொரசொரப்பாக இருந்தாலோ, கர்ப்பிணிக்கோ எச்.ஐ.வி. உள்ளவருக்கோ அறிகுறி இருந்தாலோ, டாக்டர் சந்தேகத்தோடு அனுப்பியிருந்தாலோ, ட்ரெபோனிமா கார்டில் (சிபிலிஸ் கிருமிக்கே உரிய ஆன்டிபாடியைப் பார்க்கும் ரேப்பிட் சோதனை) கோடு விழுந்து ஆர்.பி.ஆர். மட்டும் இல்லை என்று சொன்னாலோ, கட்டாயம் நீர்த்துப் போடுங்கள். டி.பி.எச்.ஏ. (அதே கிருமிக்கான உறுதிச் சோதனை) செய்யும்போது சீரத்தை 80 மடங்கு நீர்த்துத்தான் தொடங்குகிறோம். அதனால் அங்கே புரோசோன் தொல்லை வருவது அரிது. பழைய, சிகிச்சை முடிந்த நோயிலும் கார்டு பாசிட்டிவ், ஆர்.பி.ஆர். நெகட்டிவ் என்று வரும். அதையும் புரோசோனையும் பிரிப்பது நீர்த்தல்தான்.

புருசெல்லோசிஸில் இது இன்னும் அதிகம். ஆடு மாடு வளர்ப்பவர், காய்ச்சாத பால் குடிப்பவர், விட்டு விட்டு வரும் காய்ச்சல், இடுப்பு வலி. டியூப் அக்ளுட்டினேஷன் போட்டால் முதல் சில டியூப்கள் தெளிவாக இருந்து, அதற்கப்புறம் திரள ஆரம்பிக்கலாம். முதல் டியூபைப் பார்த்துவிட்டு எடுத்து வைத்துவிடாதீர்கள். 640 வரைக்குமாவது போங்கள். அப்படியும் வரவில்லை, டாக்டருக்குச் சந்தேகம் தீரவில்லை என்றால், ஒட்டிக்கொண்டும் திரட்ட முடியாத ஆன்டிபாடிகள் இருக்கலாம். அதைக் கூம்ப்ஸ் முறையில்தான் பிடிக்க முடியும்.

மெஷினில் எண் வரும் சோதனைகளில் இதையே ஹூக் எஃபெக்ட் என்பார்கள். கோடு மேலே ஏறித் தூண்டில் முள் போல வளைந்து கீழே வரும். இரண்டு பக்கமும் ஆன்டிஜென் வைத்து நடுவில் ஆன்டிபாடியைப் பிடிக்கும் ஒரே படி முறைகளில் இது வரலாம். உதாரணத்துக்கு ஒரு கணக்கு. நீர்க்காத சீரம் 85 யூனிட் காட்டுகிறது. பத்தில் ஒன்றாக நீர்த்தால் 92. பத்தால் பெருக்கினால் 920. நூறில் ஒன்றில் 31, பெருக்கினால் 3,100. ஆயிரத்தில் ஒன்றில் 3.2, அதாவது 3,200. கடைசி இரண்டும் ஏறக்குறைய ஒத்துப் போகின்றன, உண்மை அங்கேதான் இருக்கிறது. ஹூக் இல்லாத சீரத்தில் முதல் நீர்த்தலிலேயே பெருக்கிய எண் பழைய எண்ணோடு ஒத்துப் போகும், பத்து இருபது சதவீதம் முன்பின் இருக்கலாம். மெஷின் சோதனைக்குச் சலைனால் நீர்க்காதீர்கள், கிட்டோடு வரும் டைலூயன்ட் இருக்கிறது.

ஒரு சின்ன உத்தியும் உண்டு. நோயாளியின் சீரத்தையும் டைட்டர் தெரிந்த பாசிட்டிவ் சீரத்தையும் சரிபாதி கலந்து ஓட்டுங்கள். தெரிந்த சீரத்தின் பாதியாவது வர வேண்டும். அதற்கும் மிகக் கீழே போனால், நோயாளியின் சீரத்தில் எதுவோ வினையைத் தடுக்கிறது.

ஐந்தாம் படி: கூட்டிக் கழித்துப் பாருங்கள்

முதுகு வலியோடு வரும் வயதானவர். ஐ.ஜி.ஜி. டெசிலிட்டருக்கு 900 மில்லிகிராம், நார்மல் எல்லைக்குள். ஆனால் அவருடைய மொத்தப் புரோட்டீன் 11 கிராம், ஆல்புமின் 3.2. கழித்தால் குளோபுலின் 7.8 கிராம். ஐ.ஜி.ஜி. ஒரு கிராம்கூட இல்லை என்றால் மீதி ஏழு கிராம் எங்கே? மற்றக் குளோபுலின்கள் எல்லாம் சேர்ந்தாலும் சாதாரணமாக இரண்டு இரண்டரை கிராம்தான் இருக்கும். ஐ.ஜி.ஏ., ஐ.ஜி.எம். கணக்கும் இடைவெளியை நிரப்பவில்லை என்றால், ஐ.ஜி.ஜி.யை அளந்த நெஃபலோமீட்டர் (திரட்சியை ஒளியால் அளக்கும் மெஷின்) உங்களை ஏமாற்றுகிறது. இங்கே அளக்கப்படும் ஆன்டிபாடியே ஆன்டிஜென் ஆகிவிடுகிறது. அது மிஞ்சிப் போய்க் கோட்டின் இறங்கும் பக்கத்தில் நிற்கிறது. நீர்த்து ஓட்டுங்கள், எலக்ட்ரோபோரேசிஸ் (புரோட்டீன்களை வகைவகையாகப் பிரிக்கும் சோதனை) கேளுங்கள். பைப்பெட்டில் இழுக்கும்போது சீரம் எண்ணெய் போல மெதுவாக ஏறுவது, ஸ்மியரில் சிவப்பணுக்கள் நாணயம் அடுக்கியது போல நிற்பது, ஈ.எஸ்.ஆர். நூறைத் தாண்டுவது எல்லாம் இதே திசையைக் காட்டும். கையில் பட்ட அந்தப் பிசுபிசுப்பை நம்பி மையலோமாவை (எலும்பு மஜ்ஜையில் வரும் புற்றுநோய்) பிடித்தவர்களை எனக்குத் தெரியும்.

ஆறாம் படி: என்ன மாத்திரை சாப்பிடுகிறார்?

முடி கொட்டுகிறது என்று பயோட்டின் 5 மில்லிகிராம், 10 மில்லிகிராம் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இப்போது அதிகம். ஸ்ட்ரெப்டாவிடின்-பயோட்டின் பிணைப்பில் ஓடும் மெஷின்களில், சாண்ட்விச் முறையில் (முன்பு சொன்னது போல இரண்டு பக்கமும் பிடித்து) அளக்கும் எதுவும் இதனால் பொய்யாகக் குறையும். போட்டி முறையில் அளப்பது பொய்யாக ஏறும். அமெரிக்க எஃப்.டி.ஏ. 2017இல் இதுபற்றி எச்சரிக்கை விட்டது. எத்தனை மணி நேரம் நிறுத்த வேண்டும் என்பது அளவையும் கிட்டையும் பொறுத்தது. கிட் தாளைப் படியுங்கள்.

இது உங்களுக்கே நேரலாம். லேப்பில் சேர்ந்ததும் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி 0, 1, 6 மாதத்தில் போட்டுக்கொண்டு, ஒன்றிரண்டு மாதம் கழித்து ஆன்டி-எச்.பி.எஸ். (அந்த ஊசியால் உண்டான ஆன்டிபாடி) பார்ப்பீர்கள். மில்லிலிட்டருக்கு 10 மில்லி யூனிட்டுக்கு மேல் இருந்தால் பாதுகாப்பு. குறைவாக வந்தால், மறுபடி ஊசி போட ஓடும் முன், முடிக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று யோசித்துப் பாருங்கள்.

ஸ்டீராய்டு, ரிட்டுக்சிமாப், சிறுநீரில் புரோட்டீன் போகும் நெஃப்ராட்டிக் நோய் இவற்றில் ஆன்டிபாடி நிஜமாகவே குறையும். அங்கே சோதனை பொய் சொல்லவில்லை, ஆனால் "நெகட்டிவ், அதனால் நோய் இல்லை" என்ற முடிவு பொய்யாகலாம். அந்த விவரத்தை ரிப்போர்ட்டில் சேர்த்து எழுதுங்கள்.

ரிப்போர்ட் எழுதும்போது

"நெகட்டிவ்" என்று ஒரே சொல்லோடு விடாதீர்கள். காய்ச்சலின் எத்தனையாவது நாள் மாதிரி, எந்த முறை, எதுவரை நீர்த்தோம் என்று ஒரு வரி. சீக்கிரம் எடுத்த மாதிரி என்றால் 10 முதல் 14 நாள் கழித்து இன்னொரு மாதிரி கேளுங்கள். இரண்டையும் ஒரே நாளில், ஒரே கிட்டில் ஓட்டுங்கள். நாலு மடங்கு, அதாவது இரண்டு டியூப் ஏறியிருந்தால்தான் ஏற்றம் என்று சொல்லலாம். பழைய சீரத்தை உடனே கொட்டாமல் வைத்திருந்தால்தான் இது நடக்கும்.

தவறான ரிப்போர்ட் ஏற்கெனவே போய்விட்டது என்று தெரிந்தால், முதலில் டாக்டருக்குப் போன். அப்புறம் "திருத்தப்பட்டது" என்று மேலே போட்டு, பழைய முடிவு, புதிய முடிவு, தேதி, காரணம் எல்லாம் தெரியும்படி புது ரிப்போர்ட். பழையதைக் கம்ப்யூட்டரிலிருந்து அழிக்கக் கூடாது. கர்ப்பிணி என்றால் பிக்மி எண்ணை (அரசின் கர்ப்பிணிப் பதிவு எண்) குறித்து, கிராம சுகாதார செவிலியருக்கும் தகவல் போக வேண்டும்.

அந்தச் செம்புள்ளிப் பெண்ணுக்கு அன்று மாலையே போன் போனது. டி.பி.எச்.ஏ. பாசிட்டிவ். மறுநாள் கணவரோடு வந்து, இருவரும் பென்சத்தின் பென்சிலின் 24 லட்சம் யூனிட் போட்டுக்கொண்டார்கள். பிரசவத்தன்று தாய் ரத்தமும் குழந்தை ரத்தமும் எங்களிடம் வந்தன. ஒரே கிட், ஒரே அட்டை, அறை 26 டிகிரி. முன்பு "நான்-ரியாக்டிவ்தான்" என்ற அதே பெண்தான் இரண்டையும் 1லிருந்து 64 வரை நீர்த்துப் போட்டாள். தாய்க்கு 16, குழந்தைக்கு 4. அட்டையை ஜன்னல் பக்கம் கொண்டு போய், இரண்டு வரிசையையும் கன்ட்ரோலோடு ஒப்பிட்டுப் பார்த்து, பதிவேட்டில் பழைய 64க்குக் கீழே எழுதினாள்.